முதலில் சூடு, பிறகுதான் பால்

நேயர்களுக்கு வணக்கம். முயல் வளர்க்கிற வீடுகளில் காலையில் அடிக்கடி பார்க்கிற ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ராத்திரி முயல் குட்டி போட்டிருக்கும். பெட்டிக்குள் ஆறோ ஏழோ குட்டிகள், தாய் தன் உடம்பிலிருந்து பிடுங்கிப் பரப்பிய முடிக்குள் புதைந்து கிடக்கும். ஒன்று மட்டும் வெளியே, கம்பிவலை மேல், வெளிறிப்போய், தொட்டால் சில்லென்று கிடக்கும்.

உடனே வீட்டில் ஒருவர் பால் காய்ச்ச ஓடுவார், இன்னொருவர் இங்க் ஃபில்லரைத் தேடுவார். இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். இப்போது அதற்குப் பால் வேண்டாம், சூடு வேண்டும். இந்தப் பேச்சில் இதையே பல தடவை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த குட்டி 40 முதல் 60 கிராம்தான் இருக்கும். உடம்பில் முடி கிடையாது. தோள்பட்டைப் பக்கம் இருக்கிற கொஞ்சம் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சூட்டைக் காப்பாற்றிக்கொள்கிறது. மற்ற குட்டிகளோடு ஒட்டிக் கிடந்தால் அது போதும். தனியே கிடந்தால் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். உடம்பு குளிர்ந்ததும் குடல் ஓட்டம் நின்றுபோகும், விழுங்குகிற சக்தியும் போய்விடும். அந்த நேரத்தில் வாயில் விட்ட பால் நுரையீரலுக்குள் போகும். தப்பித் தவறி வயிற்றுக்குப் போனாலும் செரிக்காமல் தேங்கி உப்பிவிடும். காப்பாற்றக் கொடுத்த பாலே எமனாகிவிடும்.

சரி, எப்படிச் சூடாக்குவது? ஈரமாக இருந்தால் முதலில் மெல்லிய துணியால் ஒற்றித் துடையுங்கள். ஒரு பாட்டிலில் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றி, இரண்டு சுற்றுத் துணி சுற்றி, ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் வையுங்கள். குட்டியைப் பக்கத்தில் போட்டு மேலே தாயின் முடியைப் பரப்புங்கள். வெறும் பாட்டில் மேல் போடாதீர்கள், தோல் வெந்துவிடும். குண்டு பல்பு கட்டினால் பெட்டியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் சூடு படட்டும். அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். பெட்டிக்குள் 30 முதல் 35 டிகிரி இருந்தால் சரி. ரொம்ப விறைத்துப்போன குட்டியை, தலை வெளியே இருக்கும்படி பிடித்து, வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் அமிழ்த்தி எடுத்து, உடனே நன்றாகத் துடைத்துக் கதகதப்பில் வைக்கலாம். அரை மணி, ஒரு மணி நேரம் பொறுங்கள். சில்லிட்ட குட்டி அசையவில்லை என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். சூடு ஏறிய பிறகும் அசைவில்லை என்றால்தான் செத்தது என்று சொல்ல முடியும்.

கொடைக்கானல், மன்னவனூர்ப் பக்கம் குளிர்தான் எதிரி. சமவெளியில் சித்திரை வெயிலில் கதை வேறு. அங்கே பெட்டிக்குள் புழுங்கினாலே குட்டிகள் வெளியே ஊர்ந்து வந்துவிடும். அதனால் முடியைக் கோடையில் கொஞ்சம் எடுத்துவிடுங்கள், மழைக்காலத்தில் திரும்பச் சேருங்கள்.

வெளியே வந்த குட்டியைத் தாய் தூக்கிவந்து போடும் என்று காத்திருக்காதீர்கள். நாய், பூனை மாதிரி முயல் குட்டியைக் கவ்வித் தூக்காது. பால் குடிக்கும்போது காம்பை விடாமல் தொங்கிக்கொண்டு வெளியே விழுந்த குட்டி, விழுந்த இடத்திலேயே கிடக்கும். நீங்கள்தான் எடுத்துப் போட வேண்டும். கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பார்கள். உங்கள் கைக்குப் பழகிய முயல் அப்படிச் செய்யாது.

இனி பாலுக்கு வரலாம். குட்டி சூடாகிவிட்டது, துள்ளுகிறது. இப்போதும் முதலில் தாயிடம்தான் போக வேண்டும். தாய் ஒரு நாளைக்குப் பெரும்பாலும் ஒரே தடவைதான், மூன்று நான்கு நிமிடம், பால் கொடுக்கும். பகலெல்லாம் பெட்டிப் பக்கமே போகாது. அதைப் பார்த்துக் குட்டிகளைக் கைவிட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வயிற்றைப் பாருங்கள். உருண்டு திரண்டு, தோல் வழியே பால் வெள்ளையாகத் தெரிந்தால் குடித்திருக்கிறது. ஒட்டிப்போய்த் தோல் சுருங்கியிருந்தால் பட்டினி. அப்படியானால் தாயை மடியில் மெதுவாகப் பிடித்துக்கொண்டு, இளைத்த குட்டியை மட்டும் ஐந்து நிமிடம் காம்பில் விடுங்கள். தாய்க்குப் பால் இல்லையென்றால், ஒன்றிரண்டு நாள் வித்தியாசத்தில் குட்டி போட்ட வேறு முயலின் பெட்டியில், அந்தப் பெட்டியின் முடியால் தடவிச் சேர்த்துவிடுங்கள்.

இரண்டுக்கும் வழியில்லாவிட்டால்தான் கையால் ஊட்டுவது. முயல் பாலில் கொழுப்பு மட்டும் 12 சதவீதத்துக்கு மேல். பசும்பாலில் நாலு சதவீதம் தேறுவதே பெரிது. அதிலும் தண்ணீர் கலந்து, சர்க்கரை போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு! பூனைக்குட்டிக்கான பால் பவுடர் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது, அதுதான் கிட்டத்தட்ட ஒத்துவரும். அது கிடைக்கும்வரை தண்ணீர் கலக்காத ஆட்டுப்பால். ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சு போதும். பிள்ளைகளுக்கு ஊட்டுகிற பாலாடை இதற்கு ஆகாது. குட்டியை மல்லாத்தக் கூடாது. குப்புற, தலை சற்றே உயர்ந்த நிலையில் பிடித்து, உதட்டோரம் சொட்டு சொட்டாக விடுங்கள். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைக் கீழே சாய்த்துத் துடையுங்கள். பிறந்த குட்டிக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 2.5 மில்லி, காலை மாலை இரண்டு வேளை. ஒரு வாரக் குட்டிக்கு வேளைக்கு 6 மில்லி. ரொம்ப நோஞ்சான் என்றால் அரை மில்லியில் தொடங்கிப் பல தடவை கொடுங்கள். கொடுத்ததும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றில் தடவினால்தான் சிறுநீர் போகும். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன மின்னணுத் தராசு வாங்கித் தினமும் எடை போடுங்கள். ஒரு வாரத்தில் எடை கிட்டத்தட்ட இரட்டிப்பாக வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், ஒவ்வொரு வேளையும் முதலில் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் சிரிஞ்சைக் கீழே வையுங்கள்.

காயத்துக்கு வருகிறேன். எறும்புதான் முதல் திருடன். கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எலிக்கடி, தாய் மிதித்த காயம் எதுவானாலும், அரை லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்புக் கரைத்துக் கழுவி, வெளிர் டீ நிறத்துக்கு நீர்க்கவைத்த போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியால் ஒற்றுங்கள். மாட்டுப் புண்ணுக்குப் போடுகிற டர்பன்டைன், கற்பூர எண்ணெய் இதெல்லாம் பிஞ்சுத் தோலுக்கு ஆகவே ஆகாது. ஈ மொய்க்காமல் கொசுவலை மூடுங்கள், ஒரே நாளில் புழு வைத்துவிடும். கால் ஒடிந்திருந்தால் குச்சி வைத்துக் கட்டாதீர்கள், மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். வீட்டில் மீந்த அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்து ஊற்றுவது முயலைக் கொல்லும். குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் அழிந்து, நச்சுக் கிருமி பெருகிவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் பாக்கி. கண் 10 முதல் 12 நாளில் திறக்க வேண்டும். திறக்காமல் வீங்கியிருந்தால் அதே உப்புநீரை வெதுவெதுப்பாக்கி, பஞ்சில் நனைத்துத் துடையுங்கள். சீழ் இருந்தால் மருத்துவர். காட்டிலே, வயலிலே முடியோடும் திறந்த கண்ணோடும் தனியே கிடப்பது காட்டு முயல் குட்டி. அது அநாதை இல்லை, தாய் அந்தி சாய்ந்ததும் வரும். காயமில்லாவிட்டால் தொடாதீர்கள். அதை வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காயமிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டு முயலுக்கு என்றால் கால்நடைப் பராமரிப்புத் துறையின் 1962 என்ற எண் இருக்கிறது. வணக்கம்.