மொட்டை மாடியில் ஒரு பள்ளிக்கூடம்: ஹாங்காங்கில் கல்வியும் மருத்துவமும்

(திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஏழு மாடிக் கட்டடம், உச்சியில் கம்பி வலை.)

இந்தப் படத்துல மேல பாருங்க. மொட்டை மாடியில பிள்ளைங்க வரிசையா நிக்கிறாங்களே, அது பள்ளிக்கூடம்.

1953 டிசம்பர் 25 ராத்திரி, ஹாங்காங்கில ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி தீப்பிடிச்சு எரிஞ்சது. விடியும்போது 50,000 பேருக்கு மேல வீடு இல்ல. அரசு அவங்களுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டுச்சு. பள்ளிக்கூடத்துக்கு மனை எங்க? மொத்தப் பரப்பே சுமார் 1,100 சதுர கிலோமீட்டர், அதுலயும் பெரும்பகுதி மலைச்சரிவு. அதனால மொட்டை மாடியைத் தொண்டு அமைப்புகள் கையில கொடுத்தாங்க. வகுப்பும் அங்கதான், விளையாட்டும் அங்கதான்.

(திரையில்: ஒரே பெஞ்சு. காலை வெயில், பிறகு மாலை வெயில்.)

அதுவும் போதல. காலையில ஒரு பள்ளி, மதியத்துக்கு மேல அதே கட்டடத்துல இன்னொரு பள்ளி. நிலத்தைக் கூறு போட வழியில்லாம, பிள்ளைங்களோட நாளைக் கூறு போட்டாங்க. 1971ல தொடக்கக் கல்வி இலவசமாச்சு. 1978ல ஒன்பது வருஷம், 2008ல பன்னிரண்டு வருஷம்னு அது நீண்டுச்சு. பெரிய சாதனைதான். ஆனா 1997ல கூட பெரும்பாலான தொடக்கப் பள்ளிங்க அரைநாள்தான் நடந்துச்சு. இதை நினைச்சா எனக்கு மனசு கனக்குது.

இன்னைக்கும் பெரும்பாலான பள்ளிகளை நடத்துறது தேவாலயங்கள், பௌத்த அமைப்புகள், அறக்கட்டளைகள். செலவு அரசோடது. 1870ல தொடங்கின துங் வாங்கிற தொண்டு அமைப்பு ஒண்ணே மருத்துவமனையும் நடத்துது, பள்ளியும் நடத்துது.

(திரையில்: அவசர சிகிச்சைப் பிரிவின் காத்திருப்புக் கூடம்.)

இப்போ மருத்துவம். அரசு மருத்துவமனைகளைக் கவனிக்க 1990ல மருத்துவமனை ஆணையம் வந்துச்சு. உள்நோயாளி சிகிச்சையில பத்துல ஒன்பது பங்கு அரசு மருத்துவமனைங்கதான் கொடுக்குது. அவசர சிகிச்சை 2002 வரைக்கும் இலவசம். அந்த வருஷம் 100 ஹாங்காங் டாலர் ஆச்சு, 2017ல 180, 2026 ஜனவரியில 400. உயிருக்குப் போராடுறவங்க, மிக அவசர நிலையில வர்றவங்ககிட்ட இந்த 400ஐ வாங்கறதில்ல.

வந்ததும் செவிலியர் பார்த்து அஞ்சு நிலையா பிரிக்கிறாங்க. மாரடைப்போட வந்தா உடனே கவனிப்பு. சாதாரணக் காய்ச்சல்னா மணிக்கணக்குல உட்காரணும். யாருக்கு முதல்ல பார்க்கணுங்கிறதை நோய் முடிவு பண்ணுது, பணம் முடிவு பண்ணல. இது எனக்கு மதிப்பான விஷயமாப் படுது.

அவசரமில்லாத சிறப்பு மருத்துவர் சந்திப்புதான் சிக்கல். மூட்டு வலின்னு பதிஞ்சா, முதல் சந்திப்புக்கே ஒரு வருஷத்துக்கு மேல ஆகலாம். காசு இருக்கிறவங்க தனியார்கிட்ட போயிடுவாங்க. மத்தவங்க காத்திருப்பாங்க.

மொட்டை மாடியில அரைநாள் படிச்ச அந்தப் பிள்ளைங்களுக்கு இப்போ எழுபது வயசு தாண்டிடுச்சு. முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு அந்த வரிசையில உட்கார்ந்திருக்கிறது அவங்கதான்.