ஏகாதிபத்தியத்தை எதிர்க்க உரம் தருவது இறைநம்பிக்கையே

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பெருமக்களே, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

எதிரணித் தலைவர் விறுவிறுப்பாகப் பேசினார். "ஏகாதிபத்தியத்தை வீழ்த்துவது சட்டமும் தொழிற்சங்கமும்தான். இஸ்லாமிய அரசியல் 1924-இல் கிலாபத் என்னும் கலீபா ஆட்சியோடு முடிந்துபோனது. மதம் மக்களைப் பிரிக்கும்" என்றார். கிலாபத் போனது உண்மை. அரண்மனை போனால் கொள்கையும் போய்விடுமா ஐயா? அநியாயக்காரர்களின் ஊரிலிருந்து எங்களை வெளியேற்று என்று கதறும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நீங்கள் ஏன் போராடவில்லை என்று குர்ஆனின் நான்காம் அத்தியாயம் கேட்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்க அரியணை வேண்டியதில்லை.

ஏகாதிபத்தியத்தின் இந்த உலகமயம் நேற்று வந்ததா? டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் அன்றே ஜாவா, இலங்கை, நம் தென்னாப்பிரிக்காவின் கேப் மூன்றையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதியவன். ஜாவாவின் பாண்டனில் அவனை எதிர்த்து நின்ற, மக்காசார் ஊர்க்காரரான மார்க்க அறிஞர் ஷேக் யூசுபைப் பிடித்து 1684-இல் இலங்கைக்கு நாடு கடத்தினான். அங்கே என்ன நடந்தது? ஹஜ் யாத்திரிகர்கள் கப்பல் மாறும் ஊர் அது. அவர்கள் கையில் ஷேக்கின் கடிதங்கள் ஊர் ஊராகப் போயின. பயந்துபோன கம்பெனி, 1694-இல் அவரை நம் கேப்புக்கே அனுப்பிவிட்டது. சரக்கு ஏற்றக் கம்பெனி போட்ட கடல்வழியிலேயே எதிர்ப்பும் பயணம் செய்தது! கேப்பில் ஷேக் இருந்த இடத்துக்கு இன்றும் மக்காசார் என்றுதான் பெயர்.

மதம் பிரிக்குமாம். 1906 செப்டம்பர் 11, ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டர். இந்தியர்கள் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்ற கறுப்புச் சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று தீர்மானம் வந்தபோது, வெறும் கைதூக்கல் போதாது, இறைவனைச் சாட்சி வைத்துச் சபதம் செய்வோம் என்றவர் சேட் ஹாஜி ஹபீப். காந்தியே திடுக்கிட்டுப் போனதாக எழுதியிருக்கிறார். அந்தச் சபதத்தின் வழியில்தான் பிறகு நம் தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போனாள். 1955-இல் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாட்டுக்கு இந்த நாட்டிலிருந்து சேர்ந்து போன இருவர் யார்? ஒருவர் கம்யூனிஸ்ட் மோசஸ் கொட்டானே. மற்றவர் இந்தியாவின் தேவ்பந்த் மதரஸாவில் ஓதிய மௌல்வி கச்சாலியா. பிரிந்தா போனார்கள்?

மதத்தை ஆட்சிக்கு ஏணியாக்கியவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. நிறவெறிக்கு வேத வசனம் தேடிய திருச்சபையும் இதே மண்ணில்தான் இருந்தது. ஆள்கிறவன் கையில் இருக்கும் மதம் வேறு, அடிபடுகிறவன் பக்கத்தில் நிற்கும் மதம் வேறு.

இமாம் அப்துல்லா ஹாரூனை நினைத்துப் பாருங்கள். கேப் டவுனின் கிளேர்மான்ட் பள்ளிவாசல் இமாம். தொழவைத்தோம், வீட்டுக்குப் போனோம் என்று இருந்திருக்கலாம். அவரோ லாங்கா, குகுலேத்து என்று கறுப்பின மக்களின் வாசலுக்குப் போனார். சிறைப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு ரகசியமாகப் பணம் சேர்த்தார். 1969 மே மாதம் பிடித்துப் போனார்கள். 123 நாள் காவலில் வைத்து உயிரைப் பறித்தார்கள். படிக்கட்டில் விழுந்தார் என்றது போலீஸ். 1970-இல் விசாரணை நீதிமன்றமும் அதற்குத் தலையாட்டியது. போலீஸ் சித்திரவதைதான் காரணம் என்று தீர்ப்பு மாறியது 2023-இல்!

எதிரணித் தோழரே, நீங்கள் நம்பச் சொல்லும் சட்டம் அந்த வீட்டு வாசலுக்கு வந்துசேர 54 ஆண்டு ஆயிற்று. அன்று இமாம் ஹாரூனின் ஜனாஸாவுக்கு, அதாவது இறுதி ஊர்வலத்துக்கு, திரண்ட ஆயிரமாயிரம் பேர் சட்டத்தின் அனுமதிக்காகக் காத்திருந்தார்களா? பதிலை உங்கள் அடுத்த பேச்சாளர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.