பயிற்சி ஏட்டை எழுதியது யார்?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், கோணேசர் வீற்றிருக்கும் இந்தத் திருகோணமலையில் வேலை முடித்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் சபையோருக்கும் என் வணக்கம். ஒருவரை உச்சத்திறனுக்கு உயர்த்துவது விடாப்பயிற்சியா, வீழ்ந்த இடத்தில் கற்று மாறும் பக்குவமா என்பது இன்றைய தலைப்பு. மாறும் பக்குவமே என்று வாதிட எழுந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் "சித்திரமும் கைப்பழக்கம்" என்று தொடங்கி, நியூயோர்க் நகரத்து ஆற்றில் விமானத்தை இறக்கிய விமானியைச் சாட்சிக்கு அழைத்து, தோல்வியைத் தட்டிக்கொடுத்தால் பிள்ளைகள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று பெற்றோரைப் பயமுறுத்தி, கடைசியில் கதை சொல்வதெல்லாம் வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று முடித்தார். அதை நிறுவுவதற்கு அவரே மூன்று கதைகள் சொன்னார் என்பதைச் சபை கவனித்திருக்கும்.

பயிற்சி வேண்டாம் என்று எங்கள் அணியில் எவரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். நான் கேட்பது பயிற்சிக்கு முந்தைய கேள்வி. காலையில் எழுந்து ஆயிரம் தடவை செய்து பழகுகிறோமே, அப்படித்தான் செய்ய வேண்டும் என்று முதலில் எழுதிவைத்தவர் யார்? அவருக்கு அது எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்விக்கு எதிரணி பதில் சொல்லாதவரை, பயிற்சியைத் தங்கள் பக்கத்துச் சொத்தாக அவர்கள் உரிமை கோர முடியாது.

அவர்கள் அழைத்த சாட்சியிடமிருந்தே தொடங்குகிறேன். 2009 ஜனவரி 15 ஆம் நாள், லகார்டியா விமான நிலையத்திலிருந்து கிளம்பிய பயணிகள் விமானம் ஏறத்தாழ 2,800 அடி உயரத்தை எட்டியபோது காட்டு வாத்துக்கூட்டம் ஒன்றில் மோதியது. இரண்டு இயந்திரங்களும் உந்துவிசையை இழந்தன. தலைமை விமானி செஸ்லி சலன்பெர்கர் ஏறத்தாழ மூன்றரை நிமிடங்களில் அதை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். விமானத்தில் இருந்த 155 பேரும் உயிர் தப்பினார்கள். அவருக்கு 19,000 மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட பறப்பு அனுபவம் இருந்தது என்று எதிரணித் தலைவர் சொன்னது முற்றிலும் சரி. அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். இரண்டு இயந்திரங்களும் செயலிழந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்திய அவசரகாலப் பட்டியல், விமானம் மிக உயரத்தில் பறந்துகொண்டிருக்கும், நேரமும் தாராளமாக இருக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டிருந்தது. இவர்களுக்கோ அதன் முதற்பகுதியை முடிப்பதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை. மின்சாரம் தரும் துணை இயந்திரத்தை இயக்குவது அந்தப் பட்டியலில் பின்னால் வருகிற வேலை; சலன்பெர்கர் வரிசையை விட்டுவிட்டு அதை உடனேயே இயக்கினார். பழகியபடி மட்டுமே செய்கிறவராக இருந்திருந்தால், அவர் அந்த நேரத்தில் முதல் வரியை வாசித்துக்கொண்டிருந்திருப்பார்.

இன்னுமொன்று. நீர் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில் அவர் தன் சக விமானியிடம், "ஏதாவது யோசனை இருக்கிறதா?" என்று கேட்டார். "உண்மையில், இல்லை" என்று பதில் வந்தது. குரல்பதிவுக் கருவியில் இருக்கும் உரையாடல் இது. எல்லாம் தெரிந்த மூத்தவர், உயிர் போகிற நேரத்தில், தனக்குக் கீழே பணியாற்றும் ஒருவரிடம் யோசனை கேட்கிறார். நம் அலுவலகங்களில் மேலதிகாரி ஒருவர் அப்படிக் கேட்டதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று சபையோர் தங்களுக்குள் நினைத்துப் பார்க்கலாம். கைதூக்கச் சொல்லி யாரையும் வம்பில் மாட்டிவிட நான் விரும்பவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் விமானிகளுக்கு எங்கிருந்து வந்தது? 1978 டிசம்பர் 28 ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தின் மேலே யுனைட்டட் நிறுவனத்தின் விமானம் ஒன்று ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் சுற்றிக்கொண்டிருந்தது. தரையிறங்கும் சில்லுகள் சரியாகப் பூட்டிக்கொண்டனவா என்ற சந்தேகத்தில் தலைமை விமானியின் கவனம் முழுவதும் சிக்கிக்கொண்டது. எரிபொருள் குறைந்துகொண்டு போவது மற்ற இருவருக்கும் தெரிந்திருந்தது; ஆனால் மூத்தவரிடம் எப்படி அழுத்திச் சொல்வது என்ற தயக்கத்தில் சுற்றிவளைத்துச் சொன்னார்கள், அது அவர் மனத்தில் ஏறவில்லை. எரிபொருள் தீர்ந்து, இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்து, விமானம் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். நடுவர் ஐயா இந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்: அந்தத் தலைமை விமானியின் பறப்பு அனுபவம் 27,000 மணித்தியாலங்களுக்கும் மேல். மணித்தியாலக் கணக்குத்தான் உச்சத்திறனின் அளவுகோல் என்றால், ஹட்சன் விமானியைவிட இவரே பெரியவர்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் அணியின் வழக்கு. அந்தத் தோல்வி மூடி மறைக்கப்படவில்லை. எந்த நிமிடத்தில் யார் என்ன சொன்னார், யார் சொல்ல வந்து விழுங்கினார் என்பதெல்லாம் வரிக்கு வரி எழுதப்பட்டு வெளியிடப்பட்டது. 1981 இல் அதே நிறுவனம், விமானி அறையில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேச வேண்டும் என்பதைத் தனியொரு பயிற்சியாகவே தன் விமானிகளுக்குக் கற்பிக்கத் தொடங்கியது: மூத்தவர் கேட்க வேண்டும், இளையவர் தயங்காமல் சொல்ல வேண்டும். பின்னர் அது உலகமெங்கும் பரவியது. 2009 இல் ஆற்றின் மேலே கேட்கப்பட்ட அந்தக் கேள்விக்குப் பின்னால் 1978 இல் கேட்கப்படாத ஒரு கேள்வி இருக்கிறது. எதிரணி பெருமையோடு தூக்கிக் காட்டும் பயிற்சி ஏட்டை எழுதியது ஒரு தோல்வி. அந்தத் தோல்வியை ஏட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தது, அதைக் கதையாக, ஆள் ஆளாக, சொல் சொல்லாகச் சொன்னவர்களின் நேர்மை. விபத்து வீதம் இவ்வளவு என்று ஓர் எண்ணை மட்டும் சுவரில் எழுதியிருந்தால், எந்த விமானியும் தன் பேச்சை மாற்றியிருக்க மாட்டார்.

கிரிக்கெட்டுக்கு வராமல் இலங்கையில் ஒரு பட்டிமன்றம் முடியாது என்பதால், அதையும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1992 உலகக் கிண்ணத்தில் ஒன்பது அணிகளில் எட்டாவதாக வந்த நம் அணி 1996 இல் கிண்ணத்தை வென்றது. இந்தக் கதையைத் தேநீர்க்கடையில் சொல்லும்போது, முதல் 15 ஓவர்களில் தொடக்க ஆட்டக்காரர்களான ஜயசூரியவும் களுவிதாரணவும் அடித்து நொறுக்கினார்கள் என்று சொல்கிறோம். எதிரணி அதைக்கேட்டு, பாருங்கள், பயிற்சி என்கிறது. ஆனால் அரையிறுதியில் கொல்கத்தாவில் என்ன நடந்தது? முதல் ஓவரிலேயே இருவரும் ஆட்டமிழந்தார்கள். ஓட்டம் ஒன்று, விக்கெட் இரண்டு. லாகூரில் இறுதிப் போட்டியில் 23 ஓட்டங்களுக்குள் மறுபடியும் இருவரும் இல்லை. உலகமே அஞ்சிய திட்டம் மிகத் தேவையான இரண்டு நாட்களிலும் தோற்றுவிட்டது. அதற்காகக் கலங்காமல், அடித்து ஆடும் அணியாகத் தொடர் முழுவதும் பெயர் வாங்கியவர்கள் இறுதிப் போட்டியில் நிதானத்துக்கு மாறினார்கள். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்தார். இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடிய அணி எதுவும் அதுவரை உலகக் கிண்ண இறுதியில் வென்றதில்லை என்று தெரிந்துகொண்டே களத்தடுப்பைத் தேர்ந்தவர் அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க. வென்ற கதையில் தோற்ற பகுதியை வெட்டிவிட்டுச் சொல்வது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அப்படி வெட்டிய கதையிலிருந்து கைதட்டத்தான் கற்கலாம், கிரிக்கெட் கற்க முடியாது.

இப்போது பெற்றோரின் பயத்துக்கு வருகிறேன். க.பொ.த. உயர்தரப் பரீட்சையை மூன்று தடவை எழுதலாம் என்று இந்த நாட்டின் கல்வி முறை விதி வைத்திருக்கிறது. முதல் தடவையில் தவறுவது மனித இயல்பு என்பதை அரசாங்கமே ஏற்றுக்கொண்டிருக்க, நம் வீடுகள்தான் ஏற்க மறுக்கின்றன. பெறுபேறு எதிர்பார்த்தபடி வராவிட்டால் தொலைபேசியை அணைத்து வைக்கிறோம், சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போகாமல் தவிர்க்கிறோம். பிறகு என்ன செய்கிறோம்? அதே பிள்ளையை, அதே ரியூசனுக்கு, அதே குறிப்புக் கொப்பியோடு அனுப்பி, இன்னும் கூடப் படி என்கிறோம். இதுதான் எதிரணி போற்றும் விடாப்பயிற்சி.

வேறொரு பிள்ளையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பௌதிகவியல் வினாத்தாளையும் புள்ளியிடும் திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, இந்த வினாவில் எனக்கு விடை தெரியாமல் போனதா, தெரிந்தும் படியைத் தவிர்த்து எழுதினேனா, நேரம் போதாமல் கடைசிக் கட்டுரை வினாவை விட்டேனா என்று ஆசிரியரிடம் ஒவ்வொன்றாகச் சொல்கிறது அந்தப் பிள்ளை. மூன்றும் மூன்று வேறு நோய்கள். முதலாவதற்குப் படிப்பு மருந்து. இரண்டாவதற்கு எழுதும் முறையில் மாற்றம். மூன்றாவதற்கு மணிக்கூட்டை வைத்து எழுதிப் பழகுவது. பயிற்சி இங்கே மூன்றாவது இடத்தில்தான் வருகிறது, அதுவும் தோல்வியைச் சொல்லிப் பார்த்த பிறகு. தோல்வியைத் தட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை, நண்பரே. அதைக் கூட்டிவந்து உட்கார வைத்து விசாரிக்கச் சொல்கிறோம். சோம்பேறிகளால் செய்ய முடியாத வேலை அது.

கதை பொழுதுபோக்கு என்றீர்கள். திருக்கடலூர்க் கரைக்கோ நிலாவெளிக்கோ கரைவலைக் காலத்தில் ஒரு காலைப்பொழுதில் வாருங்கள். தோணி வலையை வளைத்துவிட்டு வந்ததும், இரண்டு பக்கக் கயிற்றையும் இடுப்பில் கொளுவி ஆட்கள் பின்னோக்கி நடக்கிறார்கள். அந்த இழுவைக்குப் பழக்கம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீரோட்டம் வலையை ஒரு பக்கமாக அள்ளினால், கரையில் நிற்பவர்களும் அந்தப் பக்கமாக நகர வேண்டும். நின்ற இடத்திலேயே நின்று எவ்வளவு பலமாக இழுத்தாலும் வலை கோணிக்கொண்டு வரும், மீன் இடைவெளியில் போய்விடும். மீன் சேரும் பையான வலையின் மடி கரையேறும்போது கூடைக்கணக்கில் சூடை மீனும் வரலாம், சொறிமீனும் பாசியும் மட்டுமாகவும் வரலாம். வெறும் மடி வந்த நாளில் கரையோரக் குடிசையான வாடியில் நடக்கும் பேச்சைக் கேட்டிருக்கிறீர்களா? தண்ணீரின் நிறம் எப்படி இருந்தது, எந்தப் பக்கத்துக் கயிறு முந்தியது, காற்று எப்போது திரும்பியது, தோணியில் இருந்தவன் எதைப் பார்த்து எதைச் சொல்லாமல் விட்டான் என்று ஒருவர் சொல்ல மற்றவர் திருத்துவார். அடுத்த தடவை வலையை எங்கே வளைப்பது என்பது அந்தப் பேச்சில்தான் முடிவாகிறது. கடலுக்குப் போகத் தொடங்கும் பையன் கயிறு பிடிக்கக் கையால் கற்கிறான். கடலைப் பிடிக்கக் காதால் கற்கிறான்.

இந்தச் சபையில் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 இல் இந்தக் கரையில் நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. இங்கே பலருடைய வீட்டில் அந்தத் தேதிக்கு விளக்கேற்றுகிறார்கள். சுமாத்திராவுக்கு அருகில், அன்றைக்கு அலையை எழுப்பிய நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிகக் கிட்டே சிமெலுவே என்ற தீவு இருக்கிறது. 1907 இல் அங்கே கடல் ஏறி மக்களைக் கொன்றது. பிழைத்தவர்கள் அதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக அதிர்ந்து, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காதே, மேட்டுக்கு ஓடு. 97 ஆண்டுகள் கழித்து அலை வந்தபோது, ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர். அங்கே ஒத்திகையும் நடக்கவில்லை, எச்சரிக்கைக் கருவியும் இருக்கவில்லை. எதிரணியினர் எழுந்து, அங்கே நிலம் அதிர்ந்து முன்னறிவித்தது, இங்கே அப்படியில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. ஆனால் கடல்கோள் நம் பழந்தமிழுக்கும் தெரிந்த செய்திதானே. ஊர் அழிந்ததையும் நிலம் மறைந்ததையும் நாம் சொல்லி வந்தோம். அலைக்கு முன்னால் நிற்பவன் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தக் கதைக்குள் நாம் வைக்கவில்லை. அவர்கள் வைத்தார்கள். இரங்கலாக முடிகிற கதைக்கும், கேட்டவனை நடக்க வைக்கிற கதைக்கும் உள்ள தூரம் அந்த 7 என்ற எண்ணில் தெரிகிறது.

முதல் மணி அடித்துவிட்டது, நடுவர் ஐயா. எனக்குப் பிறகு எதிரணியிலிருந்து பேச வரும் சகோதரியிடம் ஒரேயொரு கோரிக்கை வைக்கிறேன். விமானமோ, விளையாட்டோ, சத்திரசிகிச்சைக் கூடமோ, கரைவலையோ, எந்தத் துறையாக இருந்தாலும் சரி: எவரும் எங்கேயும் தவறாமல், எவரும் அந்தத் தவறை வாய்திறந்து சொல்லாமல், தானாகவே எழுதப்பட்டுவிட்ட பயிற்சி விதி ஒன்றைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். காட்டிவிட்டால், எனக்கென்று நடுவர் குறித்து வைத்திருக்கும் புள்ளிகள் அனைத்தையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள இந்தச் சபையின் முன்னால் நான் சம்மதிக்கிறேன். வணக்கம்.