வாசிப்பு வட்டத்திற்கு எந்த நாவல், யாருடைய வாழ்க்கை வரலாறு?

வணக்கம். மதுரையிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் தெருவில் 14 பேர் சேர்ந்து, மாதம் ஒருமுறை கூடும் வாசிப்பு வட்டம் ஒன்றை நடத்துகிறார்கள். பாதிப் பேர் நாவல் வேண்டும் என்கிறார்கள். மீதிப் பேர், கற்பனைக் கதையைப் படித்து என்ன ஆகப்போகிறது, வாழ்க்கை வரலாறு என்றாலாவது பயன் உண்டு என்கிறார்கள். எதைப் படித்தாலும் ‘நன்றாக இருந்தது’ என்று ஆளுக்கொரு வார்த்தை சொல்லிவிட்டுத் தேநீருக்கு எழுந்துவிடுகிறார்களாம். அண்மையில் வந்தவற்றில் எவற்றை எடுக்கலாம் என்று கேட்கிறார்.

சகோதரி, தனியாக இருந்து படிக்க ஏற்ற நூல் வேறு, கூடிப் பேச ஏற்ற நூல் வேறு. எல்லோருக்கும் பிடித்துப்போகும் என்று நினைத்து எடுக்கும் நூலில் பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. யார் பக்கம் நியாயம் என்று ஆசிரியர் தீர்ப்பெழுதி முடித்துவிடாத நூலாகத் தேடுங்கள்.

அப்படிப்பட்ட நாவல்களில் நான் முதலில் சொல்வது இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தலைமையாசிரியர் ஒருவரின் மகள், பொறியியல் படித்தவள், பெற்றோர் விரும்பாத ஓர் ஆட்டோ ஓட்டுநரை மணக்கிறாள். பிறகு தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். எவ்வளவு செலவழிக்கவும் தயாராக இருக்கும் தகப்பனின் பணம் அங்கே செல்லாமல் போகிறது. அந்தக் கணவனைப் பற்றி வாசகர் மனத்தில் ஒரு முடிவு உறைந்துவிட்ட நேரத்தில், அவனுக்கும் பேச இடம் கொடுக்கிறார் ஆசிரியர்.

எங்கள் வட்டத்தில் இந்த நாவலை எடுத்த நாளில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வெகுநேரம் வாய் திறக்கவே இல்லை. கடைசியில், “அந்தத் தகப்பன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அவளோடு பேசாமல்தான் இருந்திருப்பேன்” என்றார். எதிரே இருந்த இளம்பெண், “அதனால்தான் சார், அவள் தன் கஷ்டத்தை வீட்டில் சொல்லவே இல்லை” என்றாள். அந்தப் பெண் அதற்கு முன் எங்கள் கூட்டத்தில் பேசியதே கிடையாது. அன்றைக்குத் தேநீர் ஆறியேபோனது.

இரண்டாவதாக, தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’. 2023இல் அதே விருதைப் பெற்றது. கொங்கு நாட்டுக் குடிநாவிதர்களின் வாழ்க்கை, காரு மாமா என்ற ஒரு மனிதரின் சாவை ஒட்டி விரிகிறது. தலைப்பு புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார் பாடலிலிருந்து வந்தது. அந்தப் பாட்டின் முதல் வரியை மட்டும் மேடைதோறும் கேட்டுப் பழகிய நமக்கு, ஆற்று நீர் இழுத்த வழியில் போகும் தெப்பம் போன்றது உயிர் என்று அதே பாட்டு பின்னால் சொல்வதை இந்த நாவல் நினைவுக்குக் கொண்டுவருகிறது. கூட்டத்தன்று முழுப் பாட்டையும் ஒருமுறை உரக்கப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

வரலாறுதான் வேண்டும் என்று வாதிடும் உங்கள் நண்பர்களுக்கு மு. ராஜேந்திரனின் ‘காலா பாணி’ ஒரு பாலமாக இருக்கும். சிவகங்கையின் வேங்கை பெரிய உடையணத் தேவரையும் அவருடன் இருந்தவர்களையும் கிழக்கிந்தியக் கம்பெனி 1802இல் பினாங்குக்கு நாடு கடத்திய கதை அது.

வாழ்க்கை வரலாறு என்று வரும்போது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பிறந்தார், வளர்ந்தார், வென்றார் என்று போற்றி மட்டும் எழுதிய நூல்கள் நம்மிடம் மிகுதி. வட்டத்தில் அவற்றை வைத்துக்கொண்டு தலையாட்டத்தான் முடியும். ஆகவே ஒரே வாழ்க்கையை இரண்டு பேர் சொல்லக் கேளுங்கள். ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்ற நூல், 1908 மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி. கைதானதையும் மறுநாள் நெல்லையில் மக்கள் கொதித்தெழுந்ததையும் ஓர் ஆய்வாளரின் கண்கொண்டு பார்க்கிறது. அதோடு வ.உ.சி. தாமே அகவற்பாவில் எழுதிய சுயசரிதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். தம்மைப் பற்றி ஒருவர் எதைச் சொல்லத் துணிகிறார், ஆய்வாளர் எதைத் தேடிப் போகிறார் என்பதை ஒப்பிட்டுப் பேச ஒரு மாலைப்பொழுது போதாது.

நீங்கள் புதியவை கேட்டீர்கள் என்றாலும், பழையது ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அது உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்திக்கும் பகுதியை மட்டுமாவது படியுங்கள். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். இவற்றையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிடுகிறார் அவர். அத்தனை ஆண்டுப் படிப்பையும் ஒரே கேள்வியில் ஒருவர் தள்ளிவிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? ஐயர் அதன்பின் சீவகசிந்தாமணியைக் கையில் எடுத்தார். 1887இல் அதைப் பதிப்பித்தார். நாவலில் மட்டும்தான் திருப்பம் உண்டு என்று நினைப்பவர்களிடம் இந்தப் பக்கங்களைக் கொடுங்கள்.

எல்லோரும் எல்லா நூலையும் வாங்க வேண்டியதில்லை. வட்டத்தின் செலவில் மூன்று பிரதிகள் வாங்கிக் கைமாற்றுங்கள். படிக்கிறவர் தமக்கு உடன்பாடில்லாத இடம் வந்தால், ஓரத்தில் பென்சிலால் தம் பெயரின் முதலெழுத்தைக் குறித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கட்டும். மாதக் கடைசியில் எந்தப் பக்கத்தில் அதிக எழுத்துகள் சேர்ந்திருக்கின்றனவோ, அந்தப் பக்கத்திலிருந்து கூட்டத்தைத் தொடங்குங்கள்.