முறத்தில் காயும் ஆரஞ்சுத் தோல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஆரஞ்சுத் தோலைக் காயவைப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதில் பேச என்ன இருக்கிறது, மொட்டைமாடி வெயிலில் போட்டால் காய்ந்துவிடப் போகிறது என்பீர்கள். அங்கேதான் எனக்குச் சண்டை.

பள்ளிக்கூடத்தில் ஆரஞ்சுத் தோலை மடக்கிப் பக்கத்துப் பையன் கண்ணில் பீய்ச்சாதவர் யாராவது உண்டா? கண்ணைக் கசக்கிக்கொண்டு அவன் வாத்தியாரிடம் ஓடுவான். சாறுதானே, அதற்குப் போய் அழுகிறானே என்று நமக்குச் சிரிப்பு வரும். அது சாறே இல்லை. சாறு சுளையில் இருக்கிறது; தோலிலிருந்து தெறிப்பது எண்ணெய். நம்பாதவர்கள், கரண்ட் போகும் ராத்திரியில் மெழுகுவர்த்திச் சுடருக்கு நேரே ஒரு துண்டைப் பிதுக்கிப் பாருங்கள். பொறி பொறியாகச் சீறும். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஊதிய பலூன்மேல் பிதுக்கினால் பலூன் படாரென்று வெடிக்கும். எண்ணெயில் இருக்கும் லிமோனீன் என்ற பொருள் ரப்பரை இளக்கிவிடுகிறது. பிறந்தநாள் வீடுகளில் இதைச் செய்துகாட்டுவது என் வழக்கம். இப்போதெல்லாம் என்னைக் கண்டாலே பலூனை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோலின் வெளிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. மணமெல்லாம் அதற்குள்தான். உச்சி வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும், மணமும் பறந்துவிடும். அதனால் நிழல்தான். காற்றோடும் நிழலில், முறத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். தினமும் ஒருமுறை புரட்டிவிடுங்கள். வளைத்தால் வளையக்கூடாது, படக்கென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம்.

கடையில் பளபளப்பாக இருக்கும் வெளிநாட்டுப் பழத்தில் மெழுகு பூசியிருப்பார்கள். வெந்நீரில் தேய்த்துக் கழுவிவிட்டு உரியுங்கள். கமலா ஆரஞ்சுக்கு உள்ளே வெள்ளை குறைவு, அப்படியே காயப்போடலாம். சாத்துக்குடிக்கு வெள்ளை அதிகம். கசக்கும், ஈரத்தையும் விடாது. ஸ்பூனால் சுரண்டிவிடுங்கள்.

காய்ந்ததை உடனே பொடித்து வைக்காதீர்கள். துண்டாகவே பாட்டிலில் இருக்கட்டும், வேண்டும்போது பொடியுங்கள். சீனாவில் குவாங்டோங் மாகாணத்துச் சின்ஹுய் பகுதியில் ஆரஞ்சுத் தோலை மூன்று வருஷத்துக்கு மேலும் வைத்திருந்து சூப்பிலும் கறியிலும் போடுகிறார்கள். பழசாக ஆக அதற்கு விலையும் ஏறும். நம் வீட்டில் அவ்வளவு நாள் எங்கே தங்குகிறது! இஞ்சி டீயில் ஒரு துண்டு, குளியல் பொடி அரைக்க ஒரு கைப்பிடி என்று போய்விடும். குழம்பில் போடுவதாக இருந்தால் முதலில் வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்துவிடுங்கள், கசப்பு அடங்கும்.

கைவேலைக்கு நிறையக் குறித்துக்கொண்டு வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று: பூவோ நட்சத்திரமோ, தோல் பச்சையாக இருக்கும்போதே வெட்டி, ஊசியால் துளையும் போட்டுவிடுங்கள். காய்ந்தபின் கத்தரி வைத்தால் நொறுங்கும். இரண்டு நாள் கனமான புத்தகத்துக்கு அடியில், காகிதத்துக்கு நடுவே வைத்துவிட்டு, அப்புறம் முறத்துக்கு மாற்றினால் சுருளாது. தோரணமாகக் கோக்கலாம். மழைக்காலத்தில் மட்டும் இறக்கி டப்பாவில் போட்டுவையுங்கள், பூஞ்சை பிடிக்கும். நன்றி, வணக்கம்.