கும்பிட்டது ஜெருசலேமை, கை தூக்கியது உகாண்டாவுக்கு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

யூதர்களுக்கு ஒரு தாயகம் உருவானதற்குக் காரணம் மத நம்பிக்கையா, அரசியல் நெருக்கடியா என்பது தலைப்பு. அரசியல் நெருக்கடிதான் என்று பேச நான் நிற்கிறேன். ஹெர்சலின் புத்தகம், பால்ஃபர் கடிதம், ஐ.நா. ஓட்டெடுப்பு என்று வரிசையாகக் குறித்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா ஒரு கேள்வியைப் போட்டார், அரங்கமே கைதட்டியது. "தினம் மூன்று வேளை ஜெருசலேமைப் பார்த்துத் தொழுதவன் அந்த மண்ணைக் கேட்டான். வெறும் அரசியல்தான் என்றால், வெள்ளைக்காரன் உகாண்டாவைத் தருகிறேன் என்றபோதே போய் உட்கார்ந்திருக்கலாமே, யார் தடுத்தது?"

குறிப்புத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன் அக்கா. உகாண்டாவையே பேசுவோம்.

1903 ஏப்ரல், ஈஸ்டர் ஞாயிறு. ரஷ்யப் பேரரசில் கிஷினேவ் என்று ஒரு ஊர், இன்றைக்கு மால்டோவாவின் தலைநகரம். பக்கத்து ஊரில் ஒரு கிறிஸ்தவப் பையன் செத்துக் கிடந்தான். யூதர்கள்தான் ரத்தத்துக்காகக் கொன்றார்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று எழுதியது. அப்புறம் கேட்க வேண்டுமா? இரண்டு நாள் வெறியாட்டம். 49 பேர் செத்தார்கள், நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன.

அந்த ரத்தம் காயும் முன்னால்தான் பிரிட்டனின் காலனி அமைச்சர் ஜோசப் சேம்பர்லேன் கிழக்கு ஆப்பிரிக்காவில் இடம் தருவதாகச் சொன்னார். உகாண்டா என்பது பெயர்தான், அந்த மேட்டு நிலம் இன்றைய கென்யாவுக்குள் இருக்கிறது. யூதர்களுக்குத் தனித் தாயகம் கேட்ட சியோனிச இயக்கத்தின் தலைவர் தியோடர் ஹெர்சல் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்தில் கூடிய ஆறாவது சியோனிச மாநாட்டுக்குப் போனார். மேடைக்குப் பின்னால் எப்போதும் பாலஸ்தீன வரைபடம் தொங்கும். அந்த வருஷம் அங்கே தொங்கியது கிழக்கு ஆப்பிரிக்கா. உள்ளே நுழைந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கல்யாண வீட்டுக்குள் போனால் மணமேடையில் வேறொரு மாப்பிள்ளை!

அந்த இடத்தைப் பார்த்து வர ஒரு குழுவை அனுப்பலாமா என்று ஓட்டெடுப்பு. 295 பேர் சரி என்றார்கள், 178 பேர் கூடாது என்றார்கள். தோற்றவர்களில் பெரும்பாலோர் ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள். எழுந்து வெளியே போனார்கள். பக்கத்து அறையில் தரையில் உட்கார்ந்தார்கள். ஜெருசலேமில் இருந்த பழைய கோயில் இடிக்கப்பட்ட நாளில் யூதர்கள் துக்கம் காக்கத் தரையில் உட்காருவார்களே, அதே மாதிரி உட்கார்ந்து அழுதார்கள். அந்தக் கூட்டத்தில் கிஷினேவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். கழுத்தில் கயிறு மாட்டியிருக்கும்போதும் மறுக்கிறார்களே என்று ஹெர்சல் திகைத்துப் போனார். கதவைத் தட்டி உள்ளே போய்க் கெஞ்சினார்.

இதுவரைக்கும் கேட்டால் அக்கா ஜெயித்த மாதிரிதான் இருக்கிறது. பொறுங்கள். யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிடுவோம்.

அந்த மாநாட்டில் மிஸ்ராகி என்று ஒரு கட்சி இருந்தது. பக்திமான்களின் கட்சி. 1902இல் அதைத் தொடங்கியவர் ரைனஸ் என்ற ரபி, அதாவது யூத மதகுரு. மூன்று வேளை ஜெருசலேமைப் பார்த்துத் தொழுதவர்கள் என்று அக்கா சொன்னாரே, அது இவர்கள்தான். இவர்களில் பெரும்பாலோர் எந்தப் பக்கம் கை தூக்கினார்கள் தெரியுமா?

உகாண்டா பக்கம்.

மறுபடி சொல்கிறேன், பின்வரிசைக்கும் கேட்கட்டும். ஜெருசலேமைக் கும்பிட்டவர்கள் உகாண்டாவுக்குக் கை தூக்கினார்கள். ரபி ரைனஸே தூக்கினார். மண்ணைவிட மக்கள் பெரிது, முதலில் உயிர் பிழைக்கட்டும் என்பது அவர் நியாயம். அப்படியானால் தரையில் உட்கார்ந்து அழுதது யார்? அவர்களில் நிறையப் பேர் மதச் சடங்கை விட்டு விலகி வந்த இளைஞர்கள், படித்தவர்கள், சோஷலிசம் பேசியவர்கள். கோயிலுக்குப் போகாதவன் கோயில் இருந்த ஊருக்காக அழுதான், கோயிலுக்குப் போனவன் உயிரைக் காப்பாற்ற வேறு ஊர் போகலாம் என்றான். மதம்தான் காரணம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா வந்திருக்க வேண்டும்?

கடைசியில் 1905இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஹெர்சல் அதற்கு முந்திய வருஷமே 44 வயதில் இறந்துபோனார். ஆக, யார் தடுத்தது என்றீர்களே அக்கா, தடுத்த கூட்டத்துக்கு முன்னால் நின்றது பக்தி இல்லை. அது தேசம் என்கிற நினைப்பு. ஒரு பழைய ஊரின் ஞாபகத்தை வைத்து ஒரு ஜனத்தைத் திரட்ட முடியும், வேறு எந்த மேட்டு நிலத்தையும் காட்டித் திரட்ட முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது அரசியல் இல்லாமல் வேறென்ன?

ஹெர்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். வியன்னாவில் பத்திரிகையாளர். 1895 டிசம்பரில் வியன்னாவின் தலைமை ரபி அவர் வீட்டுக்கு வந்தபோது அங்கே கிறிஸ்துமஸ் மரத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த மனிதருக்கு மத ஆவேசமா? அதே வருஷம் ஜனவரியில் பாரிஸில், டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியைச் செய்யாத குற்றத்துக்காக எல்லோர் முன்னாலும் பதவிச் சின்னங்களைப் பிய்த்து அவமானப்படுத்தியதைச் செய்தியாளராக இருந்து பார்த்தவர் அவர். 1896இல் எழுதிய புத்தகத்தில் பாலஸ்தீனமா, அர்ஜென்டினாவா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கிறார். பக்தன் அப்படிக் கேட்பானா? காசிக்குப் போகக் கிளம்பியவன் வழியில் எந்த ஊரானாலும் பரவாயில்லை என்பானா?

1897இல் முதல் மாநாட்டை மியூனிக்கில் நடத்தத்தான் நினைத்தார். அந்த ஊர் யூத சபையும் ஜெர்மனியின் ரபிகளும் எதிர்த்ததால்தான் பேசலுக்குப் போனது. மெசியா வந்துதான் கூட்டிப்போக வேண்டும், மனிதன் அவசரப்படக் கூடாது என்று நம்பிய ஆசாரமான யூதர்கள் 1912இல் அகுதத் இஸ்ரேல் என்று தனி அமைப்பே தொடங்கி சியோனிசத்தை எதிர்த்தார்கள்.

வேதத்தைக் காட்டித்தானே நிலம் கேட்டார்கள் என்பீர்கள். கேட்டார்கள். எங்களுக்கு வேதம்தான் அதிகாரப் பத்திரம் என்று, பின்னால் இஸ்ரேலின் முதல் பிரதமரான பென்குரியன், பாலஸ்தீனப் பிரச்சினையை விசாரித்த பிரிட்டனின் பீல் கமிஷன் முன்னால் சொன்னார். பென்குரியன் மதச் சடங்குகளைப் பின்பற்றியவர் இல்லை. ஒருவர் தாத்தா காலத்துப் பட்டாவைத் தாசில்தாரிடம் நீட்டினால், அவர் அந்தப் பட்டாவைப் பூஜை செய்கிறார் என்றா அர்த்தம்? 1948 மே 14இல் படித்த சுதந்திரப் பிரகடனத்திலும் பாருங்கள். கடவுள் பெயர் வேண்டும் என்றது ஒரு பக்கம், கூடாது என்றது இன்னொரு பக்கம். கடைசியில், கடவுள் என்றும் படிக்கலாம், வேறு மாதிரியும் படிக்கலாம் என்று 'இஸ்ரேலின் பாறை' என்று எழுதி இரண்டு பேரையும் சமாதானப்படுத்தினார்கள்.

பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைய ஆதரவு தருவதாகப் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் எழுதிய பால்ஃபர் கடிதத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1917 நவம்பர் 2. போர் நடுவில் பிரிட்டனுக்கு அமெரிக்க, ரஷ்ய யூதர்களின் ஆதரவு வேண்டும், சூயஸ் கால்வாய்க்குப் பக்கத்தில் ஒரு பிடி வேண்டும். அந்த அமைச்சரவையில் இருந்த ஒரே யூதர் எட்வின் மாண்டேகு. நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும் மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தின் மாண்டேகு, இந்தியாவுக்கான அமைச்சர். அவர்தான் அதைக் கடுமையாக எதிர்த்தவர்!

கொச்சி யூதர்களைப் பற்றி அக்கா சொன்னதை மட்டும் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். கேரளத்தில் அவர்களை யாரும் விரட்டவில்லை, பெரும்பாலும் நம்பிக்கையால்தான் இஸ்ரேலுக்குப் போனார்கள். ஆனால் கூட்டமாகக் கிளம்பியது 1950களில், நாடு உருவான பிறகு. நாம் பேசுவது உருவானது எப்படி என்று.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. இரண்டு நிமிஷம் கொடுங்கள், இதைச் சொல்லாமல் என்னால் இறங்க முடியாது.

1938இல் எவியான் என்ற ஊரில் 32 நாடுகள் கூடி யூத அகதிகளைப் பற்றிப் பேசின. அனுதாபம் நிறைய இருந்தது, கதவைத் திறந்தவர்கள் மிகக் கொஞ்சம். அடுத்த வருஷம் செயின்ட் லூயிஸ் என்ற கப்பலில் 900க்கு மேற்பட்டவர்கள் ஜெர்மனியிலிருந்து கியூபாவுக்குப் போனார்கள். சிலரைத் தவிர யாரையும் இறக்கவில்லை. அமெரிக்கக் கரையின் விளக்குகள் தெரியும் தூரம் வரை போய்த் திரும்பி வந்தார்கள். அவர்களில் 200க்கு மேற்பட்டவர்களைப் பின்னால் நாஜிகள் கொன்றார்கள். அந்தக் கப்பலில் ஒரு தாய் இருந்திருப்பாளே, அவள் கைக்குழந்தைக்கு இறங்க ஒரு கரை கேட்டிருப்பாளே, அது எந்த மதம்?

1947 ஜூலையில் இன்னொரு கப்பல், பெயர் எக்ஸோடஸ். பெரும்பாலும் நாஜிகளின் இனப்படுகொலையில் தப்பிப் பிழைத்தவர்கள், சுமார் 4500 பேர். அப்போது பிரிட்டன் ஆண்ட பாலஸ்தீனத்தின் ஹைஃபா துறைமுகம் வரை வந்துவிட்டார்கள். கரை கண்ணுக்குத் தெரிகிறது. பிரிட்டிஷ் படை அவர்களை வேறு கப்பல்களில் ஏற்றித் திருப்பி அனுப்பியது. எங்கே? ஜெர்மனிக்கு! எந்த நாடு தங்கள் வீட்டு மனிதர்களை எரித்ததோ அதே நாட்டில், மறுபடியும் முள்வேலி போட்ட முகாமில்.

இதற்குக் கைதட்ட வேண்டாம், இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அந்த ஹைஃபாவில் வேறு மனிதர்களும் இருந்தார்கள். பால்ஃபர் கடிதம் 'யூதர் அல்லாத சமூகங்கள்' என்று பெயர்கூடச் சொல்லாமல் குறிப்பிட்டதே, அந்த அரபு மக்கள். கடிதம் எழுதியபோது அந்த நாட்டில் பத்தில் ஒன்பது பேர் அவர்கள். 1948 ஏப்ரலில், எக்ஸோடஸ் திருப்பி அனுப்பப்பட்டு ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், சண்டைக்கு நடுவில் ஹைஃபாவின் அரபுக் குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, படகு ஏறினார்கள். பல்லாயிரம் பேர் இருந்த இடத்தில் சில ஆயிரம் பேர்தான் மிச்சம். வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனவர்கள் அதைப் பேரன் பேத்தி வரைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் படகு ஏறியதும் அதே துறைமுகத்தில்தான்.