லயத்துப் பிள்ளையோடு யார் பேசுகிறார்கள்?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்தெடுத்துவிட்டு வீடு திரும்பியிருக்கும் தாய்மார்களுக்கும், பகல் முழுக்கப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டிமார்களுக்கும் தனியாக ஒரு வணக்கம். இன்றைய பேச்சு உங்களுக்காகத்தான். பள்ளிக்கூடம் சேரும் வயதுக்கு முன்னால் பிள்ளைகள் எப்படி வளருகிறார்கள் என்று பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அதில் நம் லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் பொருந்துகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் உயரம். தோட்டத்தின் எந்த டிவிஷனுக்குப் போனாலும் யாராவது ஒரு பாட்டி சொல்லிவிடுவார்: "எங்க வம்சமே குட்டைதான் டாக்டரம்மா, இவன் மட்டும் எங்க வளரப்போறான்?" இந்த எண்ணத்தை நாம் விட்டுவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று 6 நாடுகளில் ஏறக்குறைய 8,500 பிள்ளைகளை அளந்து பார்த்தது. நம் நாட்டில் தெற்கு டெல்லியில் நடந்தது. தாய்ப்பால் கிடைத்து, நல்ல சாப்பாடும் வைத்தியமும் எட்டுகிற வீட்டுப் பிள்ளைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் 5 வயது வரை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் உயர்ந்தார்கள். அங்கன்வாடியில் டீச்சர் புள்ளி வைத்துக் காட்டும் வளர்ச்சி அட்டை அந்த அளவுகளிலிருந்து வந்ததுதான். தாய் தகப்பன் உயரத்துக்கும் ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு லயத்தில் பாதிப் பிள்ளைகள் குட்டையாக இருந்தால் வம்சத்தின் மேல் பழியைப் போடக் கூடாது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 5 வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் கேரளத்தில் 23.4 சதவீதம், தமிழ்நாட்டில் 25, நாடு முழுவதும் 35.5. நம் கேரளம் மேல் என்று இதை வைத்துச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மலைமேல் இருக்கும் ஒரு லயம் மாநிலச் சராசரியில் தெரியவே தெரியாது.

எடை ஒரு காய்ச்சலில் குறையும், அப்புறம் தேறும். உயரக் குறைவு அப்படியில்லை, நாள்பட்ட குறையைக் காட்டும். அதனால் எடையோடு உயரத்தையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். 2 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பலகையில் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருவர் தலையைப் பலகையின் முனையோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் முழங்காலை மெல்ல அழுத்தி, இரண்டு பாதத்தையும் நேராக்கி, கீழ்ப்பலகையை நகர்த்த வேண்டும். பிள்ளை கத்தும், காலை மடக்கும். மடங்கிய காலோடு எடுத்த அளவு அளவே இல்லை. அம்மா தலைப்பக்கம் குனிந்து முகத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தால் வேலை சுலபமாக முடியும்.

நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளையும் ஏன் வளரவில்லை? நம் வேலூர் உட்பட, 8 நாடுகளில் நாட்டுக்கு ஓர் இடத்தில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு இதற்கு ஒரு பதில் தந்தது. பேதியே இல்லாத குழந்தைகளின் மலத்திலும் நோய்க்கிருமிகள் இருந்தன. சில கிருமிகள் அடிக்கடி தென்பட்ட குழந்தைகள் உயரத்தில் பின்தங்கினார்கள். வயிற்றுப்போக்கு இல்லை என்பதால் குடல் நலமாக இருக்கிறது என்று நினைக்க முடியாது. ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பிள்ளைக்குக் கொதிக்கவைத்து ஆற்றித்தான் தர வேண்டும். ஊட்டுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அப்புறம் ஒன்று: தேயிலைக் காட்டில் இதைச் சொல்வது சிரமம்தான், இருந்தாலும் சொல்கிறேன். பிஸ்கட்டைத் தேநீரில் தொட்டுக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேராமல் தேநீர் தடுக்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில், 1986-87இல், சேலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவரின் குழு ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஏழை வீடுகளில், 9 முதல் 24 மாத வயதில், உயரம் குன்றிய 129 குழந்தைகள். சிலருக்குச் சத்துப் பால்மாவு மட்டும் கொடுத்தார்கள். சிலர் வீட்டுக்கு வாரம் ஒரு முறை ஒரு சுகாதாரப் பணியாளர் போனார், ஒரு மணி நேரம் இருந்தார். சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. இப்படி 2 வருடம். வீட்டுக்குப் போனவர் பெரிதாக எதுவும் கொண்டுபோகவில்லை. காலி டப்பா, பாட்டில் மூடி போன்றவற்றில் செய்த விளையாட்டுச் சாமான்களையும் படங்களையும் காட்டி, பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளுக்கு 22 வயதானபோது போய்ப் பார்த்தார்கள். விளையாட்டும் பேச்சும் கிடைத்த வீட்டுப் பிள்ளைகள் 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பால்மாவு மட்டும் கிடைத்தவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. சாப்பாடு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. சோறு ஊட்டிவிட்டோம், கடமை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.

விடிந்ததும் காட்டுக்குப் போய் இடுப்பொடிய நின்றுவிட்டு வருகிற பெண்ணிடம், பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடு என்று சொல்ல எனக்கே மனம் வராது. உட்கார வேண்டாம். வெங்காயம் உரிக்கும்போது ஒன்றைக் கையில் கொடுத்து, "இது பெருசு, அது சிறுசு" என்று சொன்னால் போதும். பிள்ளை ஒரு சத்தம் எழுப்பினால் பதில் சொல்லுங்கள். வீட்டில் பேசும் தமிழிலேயே பேசுங்கள், அங்கன்வாடியில் மலையாளம் தானாக வந்துவிடும்.

பகல் நேரப் பொறுப்பைத் தாயின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதிவைத்தது. அந்தக் காப்பகங்களில் தொட்டிலை ஆட்டித் தூங்கவைப்பதே வேலை என்று ஆகிவிடக் கூடாது. ஆயாக்களுக்குப் பயிற்சி வேண்டும், ஓர் ஆயாவின் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைய வேண்டும். கூலி, போனஸ் பேசும் மேசையில் தொழிற்சங்கங்கள் இதையும் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

18 மாதம் ஆகியும் பிள்ளை நடக்கவில்லை, 2 வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளரிடமோ சுகாதார நிலையத்து சிஸ்டரிடமோ அந்த வாரமே சொல்லுங்கள். "இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று காத்திருக்க வேண்டாம். காது கேட்கிறதா என்பதை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.